மருந்தில் சேர்வது யாது? நெல்லைச் சீமையில் அம்மைப்பால் முதல் தடுப்பூசி வரை

தமிழில் அறநூல் செய்த சமணச் சான்றோர் இருவர் தம் நூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. ஏலம், இலவங்கப்பட்டை, நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த சூரணத்தின் பெயர் அது. காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்கள் கூடிய மருந்து அது. உயிர்ப்பிணி தீர்க்கும் அறங்களை உடற்பிணி தீர்க்கும் சரக்குகளோடு ஒப்பிட்ட அப்பெரியோர், மருந்து என்றால் அதில் என்னென்ன சேர்ந்துள்ளன என்பதைப் படிப்பவர் அறிந்திருப்பர் என்று கருதியே அப்பெயர்களை வைத்தனர்.

சமண இல்லங்களில் இவ்வழக்கம் நூலோடு நின்றுவிடவில்லை. ஊன், கள், தேன் மூன்றையும் விலக்குவது இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களுள் சேர்ந்தது. சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணுமாறு வைத்தியர் சொன்னால், நெய்யிலோ வெந்நீரிலோ உண்ணலாமா என்று கேட்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அக்கேள்வியில் வைத்தியர் மீது ஐயமில்லை. விரதத்தின் மீது பற்றுண்டு.

அதே கேள்விதான் இன்று வேறோர் இடத்தில் எழுகிறது. பிறந்து 6 வாரமான குழந்தையை எடுத்துக்கொண்டு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும் தாய், அந்தச் சிறு புட்டியில் இருப்பது என்ன என்று எண்ணுகிறாள். விலங்கின் உடலிலிருந்து எடுத்தது ஏதேனும் உண்டா? குழந்தைக்குத் தீங்கு செய்வது ஏதேனும் உண்டா? முதற்கேள்வி அறத்தைப் பற்றியது. இரண்டாவது நலத்தைப் பற்றியது. இரண்டும் புதியன அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டுப் பெற்றோர் இவற்றைக் கேட்டு வந்துள்ளனர். அவர்களுக்குக் கிடைத்த விடைகளின் வரலாறே இக்கட்டுரை.

நெல்லைச் சீமையும் சமணமும்

இன்று தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வடமாவட்டங்களில் வாழ்கின்றனர். ஆயினும் தாமிரபரணி நாடு அவர்களுக்கு அயல்நாடன்று. சீவலப்பேரிக்கு அருகே மறுகால்தலைக் குன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துடன் கூடிய கற்படுக்கை உண்டு. பாண்டியர் காலத்துக் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், அவற்றைச் செய்வித்த மாணாக்கர், குரத்தியார் பெயர்களைத் தாங்கிய வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் வரிசையாக நிற்கின்றன. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களைப் போற்றிய அறம் இம்மண்ணில் வேரூன்றியிருந்தது.

மருத்துவத்துக்கும் இது பழைய நிலம். பொதிகையை அகத்தியரின் மலை என்று மக்கள் போற்றுவர். பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், மறு ஆண்டே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. மூலிகைச் சரக்கை எண்ணிப் பார்க்கும் மருத்துவமும் ஊசியால் ஏற்றும் மருத்துவமும் ஒரே ஊரில் அருகருகே வாழ்கின்றன.

முத்து ஆற்றும் அம்மன்

பெரியம்மை நெல்லைச் சீமையில் நோயாக மட்டும் கருதப்படவில்லை. உடலில் எழும் கொப்புளங்களை முத்து என்றனர். முத்துப் போட்டிருக்கிறது என்றால் அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று பொருள். தென்மாவட்டங்களில் பெரிதும் வழிபடப்படும் முத்தாரம்மனின் பெயருக்கு, முத்துகளை ஆற்றுபவள் என்று மக்கள் விளக்கம் கூறுவர். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு நிறுத்தி, வெளியார் வருகையைத் தவிர்த்து, மூன்றாம் தண்ணீர் விடும்வரை வீடு அடங்கியிருக்கும். நோயாளியைத் தனிமைப்படுத்தும் அறிவு அவ்வழக்கத்தில் இருந்தது. நோயைத் தடுக்கும் வழி இல்லை.

தடுப்பு இல்லாதவருள் பெரியம்மை கண்ட 10 பேரில் ஏறத்தாழ 3 பேர் இறந்தனர். பிழைத்தவர் முகமெல்லாம் தழும்பேறினர்; சிலர் கண்ணிழந்தனர். இந்நோயின் கொடுமையை நினைவில் வைத்துக்கொண்டே பின்வருவனவற்றைப் படித்தல் வேண்டும். மருந்தின் குறைகளை எண்ணும்போது நோயை மறந்துவிடுவது இவ்வரலாறு நெடுகிலும் நேர்ந்த பிழை.

கையிலிருந்து கைக்கு

1796-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மை கண்டவர்க்குப் பெரியம்மை வருவதில்லை என்னும் மக்கள் வழக்கை ஆய்ந்து, ஒரு சிறுவனின் கையைக் கீறி மாட்டம்மை நீரைச் செலுத்தினார். தடுப்பூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அந்நீர் கடல் கடந்து 1802-இல் பம்பாயை அடைந்தது. அவ்வாண்டு ஜூன் 14-ஆம் நாள் ஆனா டஸ்தால் என்னும் 3 வயதுக் குழந்தைக்கு இந்தியாவிலேயே முதன்முதலாக அது வெற்றியுடன் குத்தப்பட்டது. அடுத்த சில மாதங்களில் சென்னை மாகாணத்தை எட்டியது.

நெல்லைச் சீமைக்கு அக்காலம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் வீழ்ந்து தரைமட்டமாயிற்று. அதே ஆண்டு சீமையின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. போரின் புழுதி அடங்குமுன் அதே கம்பெனி, குழந்தைகளின் கையைக் கீறும் கருவியை மாகாணத்துக்குள் கொண்டுவந்தது. மருந்தை ஐயுற்றவர் மருந்தை மட்டும் ஐயுறவில்லை. அதனை நீட்டிய கையையும் ஐயுற்றனர்.

மருந்தின் சேர்மானமும் ஐயத்துக்கு இடமளித்தது. குளிர்பதனம் இல்லாத அக்காலத்தில் மாட்டம்மை நீரைப் புட்டியில் வைத்துக் காக்க இயலவில்லை. ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டாம் நாள் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினர். ஊர்விட்டு ஊர் மருந்து சென்றது குழந்தைகளின் உடலிலேதான். இன்னார் குழந்தையின் உடல்நீர் நம் குழந்தைக்கா என்று சாதி பார்த்து மறுத்தவர் உண்டு. தம் குழந்தையின் கொப்புளத்தைக் கீற விடமாட்டோம் என்று தாயுள்ளத்தால் மறுத்தவரும் உண்டு.

இம்மறுப்புகளை அறியாமை என்று அக்கால அலுவலர் பலர் எழுதிவைத்தனர். ஆனால் 1861-இல் இத்தாலியின் ரிவால்டா என்னும் ஊரில், ஒரு குழந்தையின் நீரைக் கொண்டு குத்தப்பட்ட குழந்தைகளுள் 40-க்கும் மேற்பட்டோர்க்கு மேகநோய் தொற்றியது. கையிலிருந்து கைக்கு மாற்றும் முறையில் வேறு நோயும் மாறிச் செல்லும் என்பது மருத்துவ உலகுக்கு அன்று உறைத்தது. இங்கிலாந்தே 1898-இல் அம்முறையைக் கைவிட்டது. பெற்றோர் கொண்ட அச்சத்தில் தவறான காரணங்களோடு சரியான காரணமும் கலந்திருந்தது.

எல்லீசனின் கதை

பெற்றோரின் கேள்விக்கு ஆட்சியாளர் அளித்த முதல் விடை ஒரு கதை. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்க முற்பட்டவரும், திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயத்தோடு பெயர் இணைந்தவருமான எல்லீசர் சென்னையின் கலெக்டராக இருந்தார். மக்கள் மனத்தை மாற்ற விரும்பிய அவர், பசுவின் அம்மையைத் தேவியே உலகுக்கு அருளியதாகக் கூறும் ஒரு கதையைத் தமிழில் ஆக்கினார். பசு தரும் தூய பொருள்களின் வரிசையில் இதனையும் சேர்த்துவிட்டால் மக்கள் ஏற்பர் என்பது எண்ணம். 1819-இல் சென்னை இதழொன்றில், பழைய வடமொழி நூலொன்றிலேயே அம்மைப்பால் முறை சொல்லப்பட்டுள்ளது என்று ஒரு கடிதமும் வெளிவந்தது. ஐரோப்பிய இதழ்கள் அதனை எடுத்தாண்டன. பின்னாளில் ஆய்ந்தவர்க்கு அத்தகைய நூல் அகப்படவில்லை.

எல்லீசரின் நோக்கம் நன்றே. உயிர் காக்கும் முறையை மக்களின் மொழியில் சொல்ல முனைந்தார். ஆயினும் கேட்டவர் கேட்டது மருந்தின் உண்மை, கிடைத்தது புனைவு. அம்மைப்பால் என்ற பெயரிலும் இம்முயற்சியின் சாயலைக் காணலாம். அது பாலன்று, அம்மைக் கொப்புளத்தின் நீர். இனிய பெயர் அச்சத்தைச் சிறிது தணித்திருக்கலாம். உண்மை வெளிப்பட்ட நாளில் அதே பெயர் ஐயத்தை வளர்த்திருக்கவும் கூடும்.

கிண்டிக் கன்றும் கட்டாயச் சட்டமும்

இரண்டாம் விடை சட்டம். 1880-இல் இந்திய அரசு தடுப்பூசிச் சட்டம் இயற்றியது. அதன்பின் நகராட்சிகளில் அம்மை குத்துதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. நெல்லைச் சீமையில் அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் குழந்தைகளை உள்ளறையில் ஒளித்துவைக்கும் வழக்கம் முதியோரின் நினைவில் நெடுங்காலம் நின்றது. கட்டாயம் குழந்தைகளின் கைக்கு ஊசியைக் கொண்டுசென்றது. பெற்றோரின் மனத்துக்கு விளக்கத்தைக் கொண்டுசெல்லவில்லை.

இதே காலத்தில் மருந்தின் சேர்மானம் மாறத் தொடங்கியது. குழந்தையின் கைக்குப் பதிலாகக் கன்றின் உடல் மருந்து விளையும் இடமாயிற்று. கன்றின் வயிற்றுப் பகுதியை மழித்து, கீறி, அம்மை நீரைத் தடவி, சில நாள் கழித்துக் கொப்புளத்தைச் சுரண்டியெடுத்தனர். அதனைக் கிளிசரினில் கலந்தால் வேறு கிருமிகள் அழிந்து மருந்து நீடித்து நிற்கும் என்று கண்டனர். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியாக விளங்கிய கிங், ஆட்டு உரோமக் கொழுப்பாகிய லானோலினில் அதனைக் குழைத்து வெப்பநாட்டுக்கு ஏற்றதாக்க முயன்றார். அவர் பெயரால் கிண்டியில் 1899-இல் எழுந்த கிங் நிறுவனம் மாகாணம் முழுமைக்கும் அம்மைப்பால் வழங்கியது. மேகநோய் முதலியன தொற்றும் அச்சம் நீங்கியது. சாதி பற்றிய மறுப்புக்கும் இடமில்லாமற் போயிற்று.

ஆனால் கொல்லாமை நோற்பார்க்கு இங்கேதான் புதிய நெருடல் பிறந்தது. மனிதக் குழந்தையைக் காக்கக் கன்றின் உடல் கீறப்பட்டது. இதனை மறைத்துப் பேசுவதால் பயனில்லை. பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்ததில் அக்கன்றுகளின் துன்பத்துக்கும் பங்குண்டு என்பதை நன்றியோடும் வருத்தத்தோடும் ஏற்பதே நேர்மை. இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஓய்ந்தது. 1980 மே மாதம் உலகினின்றே அது ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அதன்பின் அம்மைப்பாலுக்காக எந்தக் கன்றும் கீறப்பட வேண்டியதில்லை என்பதும் அவ்வெற்றியின் ஒரு பகுதி.

மறுத்த பெரியோர்

மறுத்தவர் எல்லாரும் எளிய மக்கள் அல்லர். சமண அறிஞர் இராஜசந்திரரின் நட்பால் கொல்லாமையில் ஊன்றிய காந்தியடிகள், 1913-இல் உடல்நலம் பற்றி எழுதிய தொடரில் அம்மை குத்துதலை வன்மையாகக் கண்டித்தார். பசுவின் உடலிலிருந்து எடுத்ததை உடலிற் செலுத்துவது ஊனுண்பதற்கு ஒப்பு என்பது அவர் கருத்து. 1930-இல் சபர்மதி ஆசிரமத்தில் பெரியம்மை பரவிக் குழந்தைகள் இறந்தனர். அடிகள் பெரிதும் வருந்தினார். ஆயினும் தம் கொள்கையைக் கைவிடவில்லை. மற்றவர் விரும்பினால் குத்திக்கொள்வதை அவர் தடுக்கவும் இல்லை. கொல்லாமையின் பெயரால் ஒரு மருந்தை விலக்கும்போது, விலக்கியதால் வரும் இழப்பும் கணக்கில் ஏறும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இரண்டாமவர் இராஜாஜி. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி 1948 முதல் இந்தியாவில் போடப்பட்டது. அதற்கான மருந்தும் கிண்டியிலேயே தயாரானது. சென்னை மாகாண முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய மறு ஆண்டு, 1955-இல், அவர் இதனை எதிர்த்துச் சிறுநூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நலமான குழந்தைகளின் உடலில் செலுத்துவது தகுமா, அதன் பயன் உறுதியாக மெய்ப்பிக்கப்பட்டதா என்பவை அவர் எழுப்பிய வினாக்கள். மத்திய சுகாதார அமைச்சகம் இயக்கத்தைத் தொடர்ந்தது.

விடை காலந்தாழ்த்தி வந்தது. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு பெரும் ஆய்வு தொடங்கப்பட்டது. பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்று 1979-இல் அதன் முடிவு கூறியது. அதற்குள் இராஜாஜி மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. பயனைப் பற்றிய அவருடைய வினா நியாயமானதே என்று தெரிந்தது. தீங்கைப் பற்றி அவர் கொண்ட அச்சம் மெய்யாகவில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலை அவ்வூசி பெரிதும் தடுக்கிறது என்பதும் உறுதிப்பட்டது. ஆகவேதான் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் அது போடப்படுகிறது. ஒரே வினாவில் ஒரு பாதி சரி, மறுபாதி பிழை என்பதைப் பொறுமையான ஆய்வுதான் பிரித்துக் காட்டிற்று.

குன்னூரின் ஆட்டு மூளை

மூன்றாம் விடை திருத்தம். அதனைத் தெளிவாகக் காட்டுவது வெறிநாய்க்கடி மருந்தின் வரலாறு. 1900-இல் இமயமலைச் சாரலில் கசௌலியில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியபோது, நாய் கடித்த நெல்லைக்காரர் மருந்துக்காக இந்தியாவின் வடகோடிக்குப் போக வேண்டியிருந்தது. 1907-இல் குன்னூரில் தென்னிந்தியாவுக்கான பாஸ்டர் நிறுவனம் அமைந்தது. 1911-இல் டேவிட் செம்பிள் வகுத்த முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று தமிழகம் முழுவதும் அஞ்சிய மருந்து இதுவே. வெறிநோய்க் கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்தனர். கொடிய நோயிலிருந்து எண்ணற்றோரை அது காத்தது. ஆயினும் அதில் கலந்திருந்த மூளைத் திசு, சிலருடைய நரம்பு மண்டலத்தையே தாக்கும்படி அவர்தம் உடலைத் தூண்டி வாதநோயை விளைத்தது. ஆட்டின் உயிருக்கும் அழிவு. போட்டுக்கொண்டோர் சிலருக்கும் தீங்கு. சேர்மானத்தைப் பற்றிய அறக்கேள்வியும் நலக்கேள்வியும் ஒரே மருந்தில் ஒன்றாய் நின்றன.

அவ்விரண்டுக்கும் ஒரே விடை கிடைத்தது. 1962-இல் ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தில் ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள் தொடர்ந்து பெருகும் வழியாக நிலைபெற்றன. அவற்றை வீரோ செல்கள் என்பர். ஒருமுறை எடுத்த அவ்வழியிலேயே கிருமியை வளர்க்கலாம். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் ஆட்டு மூளை மருந்து 2004 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. குன்னூர் நிறுவனமும் வீரோ செல் முறைக்கு மாறியது. இன்று நாய் கடித்தால் தோளில் சில ஊசிகளே. அவற்றில் மூளைத் திசு இல்லை.

மஞ்சள்காமாலை பி தடுப்பூசியும் இவ்வழியே சென்றது. முதலில் மனிதக் குருதியிலிருந்து பிரிக்கப்பட்ட அது, 1980-களில் ஈஸ்ட் என்னும் நொதியில் விளைவிக்கப்பட்டது. 1997-இல் ஐதராபாத்தில் நம் நாட்டிலேயே அவ்வாறு தயாராயிற்று. குழந்தையின் கை, கன்றின் வயிறு, ஆட்டின் மூளை, செல் வழி, ஈஸ்ட் என்று மருந்து விளையும் இடம் மாறிவந்த வரிசையைச் சமணக் கண்ணால் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஐயறிவுயிரின் துன்பத்திலிருந்து ஓரறிவுயிரை நோக்கி மருத்துவம் மெல்ல நகர்ந்துள்ளது.

அண்மைக் காலம்

2008 ஏப்ரல் 23-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட 4 கைக்குழந்தைகள் இறந்தன. தமிழகம் அதிர்ந்தது. அதன்பின் ஊர்தோறும் சென்று ஊசி போடும் முறையை அரசு நிறுத்தி, மருத்துவர் உள்ள நிலையங்களிலேயே போடச் செய்தது. பாதுகாப்புக்காகச் செய்த அம்மாற்றம் தொலைவிலுள்ள ஏழைத் தாய்மார்க்குச் சுமையும் ஆயிற்று.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை, தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகள் இலக்கு. வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் ஒப்புதல் தரத் தயங்கினர். இயக்கத்தை மார்ச் நடுப்பகுதி வரை நீட்டிக்க நேர்ந்தது. கேட்டவர்க்கு முன்கூட்டியே விளக்கம் தந்திருந்தால் வதந்திக்கு அவ்வளவு இடம் கிடைத்திராது.

2021 ஜூன் மாதம், கோவாக்சின் ஊசியில் பச்சிளங்கன்றின் சீரம் உள்ளது என்ற செய்தி நாடெங்கும் பரவிச் சைவ உணவினரைக் கலக்கியது. ஜூன் 16-ஆம் நாள் மத்திய சுகாதார அமைச்சகம் விளக்கமளித்தது. வீரோ செல்களை வளர்க்கும் தொடக்க நிலையில் கன்றின் சீரம் பயன்படுகிறது. பின்னர் செல்கள் பலமுறை கழுவப்படுகின்றன. இறுதி மருந்தில் அது இல்லை என்பதே விளக்கம். ஆகவே ஊசியில் கன்றின் சீரம் இல்லை என்பதும் உண்மை. அது உருவாகும் வழியில் உண்டு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்ன விடையைச் சிந்திக்கும் குடும்பம் மதிக்கும்.

புட்டியில் உள்ளவை

இன்றைய குழந்தைத் தடுப்பூசிகளில் பெற்றோர் அஞ்சும் பொருள்கள் சில. முதலாவது தையோமெர்சால். ஒரே புட்டியிலிருந்து பலருக்கு எடுக்கும்போது கிருமி புகாமல் காப்பதற்காகச் சில மருந்துகளில் மிகச் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. இதில் உள்ளது எத்தில் வகைப் பாதரசம். கடல் மீனில் சேர்ந்து தீங்கு செய்யும் மெத்தில் வகையைப் போலன்றி இது உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடும். 1999-இல் அமெரிக்கா முன்னெச்சரிக்கையாக இதனைக் குழந்தை ஊசிகளிலிருந்து நீக்கச் சொன்னது. பின்னர் நடந்த விரிவான ஆய்வுகள் இதற்கும் மனவளர்ச்சிக் குறைபாடுகளுக்கும் தொடர்பு காணவில்லை. உயிருள்ள கிருமியைக் கொண்ட தட்டம்மை, ரூபெல்லா ஊசியிலும் பி.சி.ஜி. ஊசியிலும் இது சேர்வதே இல்லை.

இரண்டாவது அலுமினிய உப்பு. உடலின் எதிர்ப்பாற்றலைக் கூர்மையாக்கச் சில ஊசிகளில் மில்லிகிராம் அளவில் சேர்க்கப்படுகிறது. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வலியும் தரலாம். மூன்றாவது ஜெலட்டின். விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பது. நம் நாட்டில் தயாராகும் தட்டம்மை, ரூபெல்லா மருந்து வெப்பத்தில் கெடாதிருக்க இது சேர்கிறது. இதற்கு ஒவ்வாமை உள்ள குழந்தையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொல்லாமை நோற்போர் மனம் கலங்குவதும் இதன் பொருட்டே.

தட்டம்மை ஊசியால் மதியிறுக்கம் வரும் என்று 1998-இல் ஆங்கில மருத்துவ இதழொன்றில் வந்த கட்டுரை நெறிபிறழ்ந்தது என்று கண்டு 2010-இல் அவ்விதழே திரும்பப் பெற்றது. இன்றும் அக்கதை உலவுகிறது. கட்டுரையை மீட்கலாம், அச்சத்தை மீட்பது எளிதன்று.

இல்லறத்தாரின் அறம்

துறவியின் மகாவிரதமும் இல்லறத்தாரின் அணுவிரதமும் ஒன்றல்ல என்பதைச் சமண நூல்கள் தெளிவாக வகுத்துள்ளன. மனமறிந்து, கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப இம்சை. அதனை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும். சமையல், தொழில், தற்காப்பு ஆகியவற்றில் தவிர்க்கவியலாது நேர்வதை இயன்றவரை குறைக்க வேண்டும். உழவும் சமையலும் இம்சையற்றன என்று யாரும் சொல்வதில்லை. அவற்றைக் குறைத்துக்கொண்டு வாழ்வதே இல்லறத்தின் நெறி. தடுப்பூசியையும் இவ்விளக்கில் நோக்கலாம். பெற்றோரின் எண்ணம் காத்தல். சேர்மானத்தில் உள்ள இம்சை குறைக்கப்பட வேண்டியது.

காக்கப்படுவது சொந்தக் குழந்தை மட்டுமன்று. 9 மாதம் நிரம்பாத சிசுவுக்குத் தட்டம்மை ஊசி போடுவதில்லை. சுற்றியுள்ள பிள்ளைகளில் 100-க்கு ஏறத்தாழ 95 பேர் போட்டிருந்தால்தான் நோய் பரவாது நின்று அச்சிசு தப்பும். ரூபெல்லாவின் கொடுமை இன்னும் மறைவானது. கருவுற்ற தாய்க்குச் சிறு காய்ச்சலாக வந்துபோகும் அது, வயிற்றிலுள்ள குழந்தையின் கண், காது, இதயத்தைச் சிதைத்துவிடும். 1990-களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வில், கைக்குழந்தைகளின் கண்புரைக்கு ரூபெல்லா ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைக்குப் போடும் ஊசி, அடுத்த தெருவில் இன்னும் பிறவாத குழந்தையின் கண்ணைக் காக்கிறது. அபயதானம் என்று முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆகவே கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். செவிலியரிடம் மருந்தின் பெயரையும் காலாவதி நாளையும் கேட்கலாம். புட்டியின் மேலுள்ள வட்டத்துக்குள் இருக்கும் சிறு சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கிறதா என்று பார்க்கலாம். கறுத்திருந்தால் மருந்து வெப்பத்தில் கெட்டது. ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கலாம். ஜெலட்டின் இன்றித் தட்டம்மை மருந்தை நிலைப்படுத்த வழி காணுங்கள் என்று தயாரிப்பாளருக்கும் அரசுக்கும் சமணச் சங்கங்கள் முறையாக எழுதலாம். ஆட்டு மூளையைக் கைவிட்ட நாட்டில் அது நிறைவேறாத வேண்டுகோளன்று. அதுவரை குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எந்தக் கட்டமும் காலியாக நிற்றல் ஆகாது. மருந்து திருந்தும்வரை பொறுக்கலாம்; நோய் அவ்வாறு பொறுப்பதில்லை.